பெயரில்லாத கூட்டமும் பெயர் சொல்லும் கூட்டமும்

குடியிலிருந்து மீள விரும்புகிறவர்கள் கூடிப் பேசும் கூட்டம் என்றதும் உலகம் முழுக்க நினைவுக்கு வருவது ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. அமெரிக்காவில் 1935-ல் பிறந்த இந்த அமைப்புக்குப் பெயர் மறைப்பு உயிர்நாடி. வந்தவர் முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை. யார் வந்தார், என்ன பேசினார் என்பது அறையைத் தாண்டக் கூடாது. இந்த யோசனையை ஜப்பானியர்கள் 1950-களில் எடுத்துக்கொண்டார்கள். கூடிப் பேசுவதையும், இன்றைக்கு ஒரு நாள் குடிக்காமல் இருப்போம் என்ற கணக்கையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்; பெயர் மறைப்பை விட்டுவிட்டார்கள். டான்ஷுகாய் எனப்படும் அவர்களுடைய கூட்டத்தில் உறுப்பினர் சொந்தப் பெயரைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பக்கத்து நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருக்கிறார். அடுத்து அவரும் பேசுவார்.

குடித்த கதையைச் சொல்வது, அடுத்தவர் கதையைக் கேட்பது: இரண்டு கூட்டங்களிலும் மருந்து இதுதான். அந்தக் கதையை யார் முன்னால் சொல்வது என்பதில்தான் பிரிகிறார்கள். ஒரு கூட்டம், தெரிந்தவர்கள் கண்ணில் படாத இடத்தைக் குடிநோயாளிக்குத் தருகிறது. மற்றது தெரிந்தவர்களையே அறைக்குள் அழைத்துவந்து உட்காரவைக்கிறது. கூட்டத்தைத் தேடிப் போகிற ஒருவருக்கு எது பொருந்தும் என்பதை இந்த ஒரு வேறுபாட்டை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அக்ரனும் கோச்சியும்

1935 மே மாதம். நியூயார்க் பங்குச்சந்தைக்காரர் பில் வில்சன், ஒஹையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் மேஃபிளவர் ஹோட்டலில் தனியாக நிற்கிறார். ஒரு நிறுவனத்தைக் கைப்பற்ற நடந்த பங்குதாரர் சண்டையில் தோற்றாயிற்று. குடியை விட்டு ஐந்து மாதம் ஆகிறது. கூடத்தின் ஒரு பக்கம் மதுக்கூடம், இன்னொரு பக்கம் தொலைபேசி. அவர் தொலைபேசிப் பக்கம் போனார். தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்துப் பாதிரியார்களைக் கூப்பிட்டு, தன்னோடு பேச ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அந்தத் தேடலில் கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். கால் மணி நேரம் என்று நிபந்தனை போட்டு வந்தவர் ஆறு மணி நேரம் போல உட்கார்ந்துவிட்டார். பில் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார், அவ்வளவுதான். சொல்கிறவரும் அதனால் குடிக்காமல் தப்பிக்கிறார் என்ற கண்டுபிடிப்பின் மேல்தான் முழு அமைப்பும் நிற்கிறது. டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாளாகச் சொல்லப்படும் ஜூன் 10-ஐ ஏ.ஏ. தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது.

அமெரிக்காவில் மதுவிலக்கு 1933 டிசம்பரில்தான் நீக்கப்பட்டிருந்தது. மது பாவம் என்ற மேடைப் பிரசங்கங்களைக் கேட்டு நாடு அலுத்திருந்த நேரம். மற்றவர்கள் குடிப்பதைப் பற்றி ஏ.ஏ. வாயே திறக்கவில்லை. குடியை விட வேண்டும் என்ற விருப்பம் போதும், வேறு தகுதி வேண்டாம் என்றது. 1941 மார்ச்சில் ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ இதழில் ஜாக் அலெக்சாண்டர் எழுதிய கட்டுரை வெளிவந்தபோது உறுப்பினர்கள் சுமார் 2,000 பேர். அந்த ஆண்டு முடிவதற்குள் சுமார் 8,000.

ஜப்பானின் ஷிகோகு தீவில் கோச்சி என்று ஒரு நகரம் இருக்கிறது. கேரளத்துக் கொச்சிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. குடிக்குப் பேர்போன வட்டாரம் அது. விருந்தில் ஒருவர் தன் கிண்ணத்தைக் காலிசெய்து எதிரில் இருப்பவரிடம் நீட்டுவார். அவர் வாங்கிக் குடித்துத் திருப்பித் தர வேண்டும். மறுப்பது மரியாதையல்ல. அடியில் ஓட்டை போட்ட கிண்ணம், குவிந்த அடிப்பாகத்தால் மேசையில் நிற்காத கிண்ணம் என்று, குடித்து முடிக்காமல் கீழே வைக்க முடியாத பாத்திரங்களை வைத்து விளையாட்டே உண்டு. இந்த ஊரில்தான் 1958-ல் மாட்சுமுரா ஹாருஷிகே என்ற தொழிற்சங்கக்காரர், கெஷி தகாமாரோ என்ற மனநல மருத்துவரின் துணையோடு குடியை விட்டவர்களின் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே டோக்கியோவின் மதுவிலக்கு இயக்கத்தார் ஏ.ஏ.-யைப் பார்த்து அதேபோல ஒரு குழுவை முயன்றிருந்தார்கள். அந்த முயற்சியும் கோச்சியின் சங்கமும் சேர்ந்து 1963-ல் அனைத்து ஜப்பான் டான்ஷு கூட்டமைப்பு உருவானது. மாட்சுமுரா அதன் முதல் தலைவர். 1970-ல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்க் கிளைகளைக் கட்டியவர்.

இரண்டு நிறுவனர்களின் தொழிலும் அவர்கள் கட்டிய அமைப்புகளில் தெரிகிறது. கடன், பங்கு, முதலீடு எல்லாம் பார்த்த வில்சனும் நண்பர்களும் பணத்தைக் கண்டு பயந்தார்கள். கோடீஸ்வரர் ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியர் 1938-ல் 5,000 டாலர் மட்டும் கொடுத்து, அதிகப் பணம் இந்த இயக்கத்தைக் கெடுத்துவிடும் என்று நிறுத்திக்கொண்டார். பிற்பாடு வெளியார் நன்கொடையே வேண்டாம் என்பது ஏ.ஏ.-யின் மரபாயிற்று. சந்தாவும் கிடையாது, உறுப்பினர் பதிவேடும் கிடையாது. மாட்சுமுராவின் அமைப்பிலோ உறுப்பினர் சேர்க்கை, சந்தா, கிளை, நிர்வாகிகள், மாவட்டக் கூட்டமைப்பு, தேசிய மாநாடு என்று ஒரு தொழிற்சங்கத்துக்கு உண்டான எல்லாம் உண்டு. சங்கத்தில் சேர்கிறவர் பெயர் கொடுக்காமல் சேர முடியாதல்லவா?

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது

அமெரிக்காவில் கூட்டம் தேடுவது பெரும்பாலும் தனியாள் வேலை. ஒவ்வொரு பெரிய நகரத்திலும் குழுக்கள் சேர்ந்து நடத்தும் மைய அலுவலகம் ஒன்று இருக்கும். அங்கே தொலைபேசியை எடுப்பவரும் குடியை விட்ட ஒருவராகவே இருப்பார். இப்போது ‘மீட்டிங் கைடு’ என்ற இலவசச் செயலி, நிற்கும் இடத்துக்கு அருகில் அடுத்த கூட்டம் எத்தனை மணிக்கு, எங்கே என்று காட்டிவிடும். நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் போன்ற ஊர்களில் வேலைக்குப் போகுமுன் விடியற்காலையில் ஒன்று, மதிய இடைவேளையில் ஒன்று, நள்ளிரவை ஒட்டி ஒன்று என்று நாள் முழுக்க நடக்கும். இடம் பெரும்பாலும் தேவாலயத்தின் நிலவறை அல்லது பக்கத்துக் கூடம். அந்த இடத்துக்குக் குழு வாடகை கொடுத்துவிடும்.

பட்டியலைப் பார்க்கத் தெரிய வேண்டும். ‘திறந்த கூட்டம்’ என்றால் குடும்பத்தார், மாணவர், அக்கறையுள்ள எவரும் வந்து கேட்கலாம். ‘மூடிய கூட்டம்’ குடியை விட விரும்புகிறவர்களுக்கு மட்டும். ஒருவரே நீளமாகப் பேசும் கூட்டம், எல்லோரும் சில நிமிடம் பேசும் கூட்டம், மீள்வதற்கு ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் ஒன்றை எடுத்துப் படிக்கும் கூட்டம், புதியவர்களுக்கானது, பெண்களுக்கானது என்று வகைகள் பல. முதல் தடவை போய் ஒட்டாமல் திரும்பியவர்களில் பலர் தப்பான வகையில் நுழைந்தவர்கள். அதனால்தான் ஒரு கூட்டத்தை வைத்து ஏ.ஏ.-யை எடைபோடாதே, நாலைந்து இடம் போய்ப் பார் என்று மூத்தவர்கள் சொல்வார்கள். தொடக்கத்தில் 90 நாளில் 90 கூட்டம் என்பது அங்கே வழங்கும் பேச்சு. பிடித்துப்போன ஒரு குழுவைத் தன் தாய்க்குழுவாக வைத்துக்கொள்வதும் வழக்கம்.

தானாகத் தேடி வராதவர்களை நீதிமன்றம் அனுப்பும். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்கள், கூட்டத்துக்கு வந்ததற்குக் கையெழுத்து வாங்கும் சீட்டோடு பின்வரிசையில் உட்கார்ந்திருப்பதை அமெரிக்கக் கூட்டங்களில் பார்க்கலாம்.

ஜப்பானில் வழி வேறு. குடும்பம் முதலில் அரசின் சுகாதார மையத்துக்கோ மருத்துவமனைக்கோ போகிறது. அங்கிருக்கும் சமூகப் பணியாளர், இன்ன கிழமை இன்ன சமுதாயக் கூடத்தில் டான்ஷுகாய் கூடுகிறது என்று எழுதிக் கொடுக்கிறார். குடிநோய்க்கென்று 1963-ல் தனிப் பிரிவு திறந்த யோகோசுகாவின் குரிஹாமா மருத்துவமனை இதில் முன்னோடி. மருத்துவமனைக்குத் தொடர்ந்து வருவது, மதுவை ஒவ்வாமல் செய்யும் மருந்தை உண்பது, சுயஉதவிக் கூட்டத்துக்குப் போவது ஆகிய மூன்றையும் ஜப்பானிய மருத்துவர்கள் சிகிச்சையின் மூன்று தூண்கள் என்பார்கள். கூட்டத்துக்குப் போவது அங்கே மருத்துவச் சீட்டின் மூன்றாவது வரி போல வந்துவிடுகிறது. டான்ஷுகாய் உறுப்பினர்களும் மருத்துவமனைகளுக்குப் போய், உள்நோயாளிகளிடம் தங்கள் கதையைச் சொல்வார்கள். வெளியே வரும் நாளில் அந்த நோயாளிக்குத் தெரிந்த முகம் ஒன்று ஊர்க் கூட்டத்தில் காத்திருக்கும்.

அமெரிக்க வழியில் ஒருவர் யாருக்கும் தெரியாமல் இன்றிரவே கூட்டத்துக்குப் போய்விடலாம். ஜப்பானிய வழியில் வீடும் மருத்துவரும் ஏற்கெனவே அறிந்திருப்பார்கள்.

அறைக்குள்

ஏ.ஏ. கூட்டம் ஒரு மணி நேரம் அல்லது ஒன்றரை மணி நேரம். காபி இருக்கும். நடத்துகிறவர் முகவுரையை வாசிப்பார். பிறகு முதல் பெயர் மட்டும் சொல்லி, தான் குடிநோயாளி என்று அறிவித்துப் பேச்சு தொடங்கும். அறை முழுதும் அந்தப் பெயரைச் சொல்லி வணக்கம் சொல்லும். பேச விருப்பமில்லாதவர் அடுத்தவருக்கு விட்டுவிடலாம். ஒருவர் பேசியதற்கு இன்னொருவர் பதில் சொல்வதோ, புத்திமதி சொல்வதோ, திருத்துவதோ பல குழுக்களில் கூடாது. நடுவில் ஒரு கூடை சுற்றி வரும். இருப்பவர் சில்லறை போடுவார், இல்லாதவர் கடத்திவிடுவார். 24 மணி நேரம், 30 நாள், ஓராண்டு என்று தாண்டியவர்களுக்கு வட்டமான வில்லை ஒன்று தரப்படும். முடிவில் பிரார்த்தனை. உண்மையான வேலை அதற்குப் பிறகு வாசலில் நடக்கிறது. மூத்தவர்கள் புதியவரிடம் தொலைபேசி எண்களை எழுதிக் கொடுத்து, குடிக்கத் தோன்றினால் முதல் கிளாஸுக்கு முன்னால் கூப்பிடு என்பார்கள். அவர்களில் ஒருவர் பின்னர் அவருக்கு ஸ்பான்சர் ஆவார். பன்னிரண்டு படிகளையும் கைப்பிடித்து நடத்திச் செல்வார்.

டான்ஷுகாய் பெரும்பாலும் மாலையில் இரண்டு மணி நேரம். உறுதிமொழியை எல்லோரும் சேர்ந்து வாசிக்கிறார்கள். குடும்பத்தாருக்கும் தனி உறுதிமொழி உண்டு. பிறகு தலைமை தாங்குபவர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்க, அனுபவப் பேச்சு நடக்கும். கூட்டம் அனுபவத்தில் தொடங்கி அனுபவத்திலேயே முடிய வேண்டும், விவாதமும் விளக்கமும் வேண்டாம் என்பது அங்கே எழுதாச் சட்டம். முடிவில் வட்டமாக நின்று கைகோத்துச் சேர்ந்து குரல் கொடுத்துக் கலைகிறார்கள். ஸ்பான்சர் என்ற ஏற்பாடு கிடையாது. பன்னிரண்டு படிகளும் கிடையாது. மூத்தவர் இளையவர் என்ற முறை உண்டு. இத்தனை ஆண்டு குடிக்காமல் இருந்தவருக்குப் பெயர் பொறித்த பாராட்டுப் பத்திரம், பலர் முன்னிலையில். ஏ.ஏ. தரும் வில்லை சட்டைப் பையில் ஒளிந்திருக்கும். டான்ஷுகாய் தரும் பத்திரத்தைக் கண்ணாடி போட்டு வீட்டுச் சுவரில் மாட்டலாம்.

மறைந்த பெயர், சொன்ன பெயர்

பெயர் மறைப்பு தொடங்கியது வேலைக்குப் பயந்து. அறுவை மருத்துவர் குடிகாரர் என்று தெரிந்தால் யார் கத்தியை நம்புவார்கள்? பிறகு அதில் இன்னொரு பயன் தெரிந்தது. 1940-ல் கிளீவ்லாந்து பேஸ்பால் ஆட்டக்காரர் ரோலி ஹெம்ஸ்லி, தான் ஏ.ஏ.-யால் மீண்டவன் என்று பத்திரிகையில் அறிவித்தபோது விளம்பரம் கிடைத்தது. கூடவே கேள்வியும் வந்தது: நாளை இவர் மறுபடி குடித்தால்? புகழ்பெற்றவர் ஒருவர் விழும்போது இயக்கத்தையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழக் கூடாது. 1950-ல் கிளீவ்லாந்து மாநாடு ஏற்ற பன்னிரண்டு மரபுகளில் பத்திரிகை, வானொலி, திரைப்படத்தில் பெயர் காட்டாமை இடம்பெற்றது. 1954-ல் யேல் பல்கலைக்கழகம் தர முன்வந்த கௌரவப் பட்டத்தை பில் வில்சன் மறுத்தார். 1971 ஜனவரியில் அவர் இறந்தபிறகே முழுப் பெயரும் படமும் செய்தித்தாளில் வந்தன.

நாளடைவில் இந்த ஏற்பாட்டுக்கு மூன்றாவது பொருளும் சேர்ந்துகொண்டது. முழுப் பெயர் போகும்போது பதவியும் சம்பளமும் குலமும் சேர்ந்து போகின்றன. நீதிபதியும் வண்டியோட்டியும் வெறும் முதல் பெயர்களாக அருகருகே உட்காருகிறார்கள். தன்னைப் பற்றிய பெருமையே குடிநோயாளியின் பெரிய எதிரி என்பது ஏ.ஏ.-யின் நம்பிக்கை. பெயர் இல்லாத இடத்தில் பெருமை பிடித்துக்கொண்டு நிற்க எதுவுமில்லை.

டான்ஷுகாய் அதே பெருமையைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. பெயர் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. அண்டை வீட்டார், மேலதிகாரி, மைத்துனர் எல்லோருக்கும் தெரிந்தபின் மறுபடி குடிப்பது உறுதிமொழியை உடைப்பதாகும். இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்து சக ஊழியர்கள் கூட்டமாகக் குடிக்கப் போவது ஜப்பானிய அலுவலக வாழ்க்கையில் கடமை மாதிரி. காரணம் சொல்லாமல் தினமும் மறுப்பவர் குழுவிலிருந்து மெல்ல ஒதுக்கப்படுவார். தான் டான்ஷுகாய் உறுப்பினர் என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டவருக்கு அந்தச் சொல்லே கேடயம். அமெரிக்கக் குடிநோயாளிக்கு ரகசியம் தரும் பாதுகாப்பை ஜப்பானியக் குடிநோயாளிக்கு அறிவிப்பு தருகிறது.

மனைவி உட்காரும் இடம்

இரண்டு மரபுகளும் மிகத் தொலைவில் பிரிவது இங்கேதான். பில்லின் மனைவி லாயிஸ் வில்சன் சொன்ன ஒரு நிகழ்ச்சி ஏ.ஏ. வட்டாரத்தில் பிரசித்தம். பல ஆண்டு குடிகாரக் கணவனைத் தாங்கிய அவர், கணவர் குடியை விட்டு ஓயாமல் கூட்டம் கூட்டம் என்று போக ஆரம்பித்தபோது ஆத்திரம் தாங்காமல் காலணியைத் தூக்கி எறிந்தார். எறிந்தபிறகுதான் தனக்கே உதவி தேவை என்று புரிந்தது. அவரும் தோழியும் 1951-ல் குடும்பத்தாருக்காக அல்-அனான் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். வேறு அறை, வேறு கூட்டம், அதே பன்னிரண்டு படிகள். கணவரின் குடிக்கு நீ காரணமில்லை, அதை உன்னால் அடக்கவும் முடியாது, குணப்படுத்தவும் முடியாது, உன் வாழ்வை நீ பார் என்பது அல்-அனானின் பாடம். கணவர் ஏ.ஏ.-க்குப் போகாவிட்டாலும், குடித்துக்கொண்டே இருந்தாலும், மனைவி அங்கே போகலாம்.

டான்ஷுகாயில் மனைவி அதே அறையில். இதில் ஒரு மருத்துவப் பயன் ஒளிந்திருக்கிறது. கடுமையாகக் குடித்தவருக்குப் பல இரவுகள் நினைவிலேயே இருக்காது. குழந்தையின் பள்ளிக்கூட விழாவில் என்ன செய்தார், மாமனாரை என்ன திட்டினார் என்பது அவர் சொல்லும் கதையில் விடுபட்டுப்போகும். மனைவி எழுந்து சொல்லும்போது அந்த இடங்கள் நிரம்புகின்றன. வீட்டில் சொன்னால் சண்டையாகிற அதே வார்த்தைகள், குறுக்கிடக் கூடாது என்ற விதியுள்ள அறையில் கேட்கப்படுகின்றன. இன்னொருவரின் மனைவி பேசும்போது இன்னும் நன்றாகக் கேட்கிறது. அவள் மேல் கோபப்பட இவருக்குக் காரணமில்லையே. ஏ.ஏ.-யின் எட்டாம், ஒன்பதாம் படிகள் நாம் தீங்கிழைத்தவர்களைப் பட்டியலிட்டு, தேடிப்போய் ஈடுசெய்யச் சொல்கின்றன. அந்த வேலை கூட்டத்துக்கு வெளியே, மாதங்கள் கழித்து நடக்கும். டான்ஷுகாயில் பாதிக்கப்பட்டவர் முதல் நாளே எதிரில் உட்கார்ந்திருக்கிறார்.

இதற்கு விலையும் உண்டு, அதை அதிகம் கொடுப்பவள் மனைவி. கணவரின் குடிக்காத வாழ்க்கையும் அவள் பொறுப்பாகிவிடுகிறது. கூட்டத்துக்குக் கூட்டிவருவதும், காலையில் மருந்து சாப்பிட்டாரா என்று பார்ப்பதும் அவள் வேலை. மானிடவியலாளர் எமி பொரோவாய் 2005-ல் வெளிவந்த ‘தி டூ-குட் வைஃப்’ நூலில், டோக்கியோவில் குடிநோயாளிகளின் மனைவியர் கூடும் கூட்டங்களை வைத்து இந்தச் சிக்கலை ஆராய்ந்தார். ‘நல்ல மனைவி’யாக இருப்பதும் கணவரின் குடிக்கு ஒத்தாசையாக இருப்பதும் எங்கே பிரிகின்றன என்று அந்தப் பெண்களுக்கே தெரியவில்லை. அல்-அனான் தரும் ‘விலகி நில்’ என்ற அறிவுரை அந்தப் பெண்களுக்கு விடுதலையாகவும் இருக்கிறது, மனைவிக்கு அடுக்காத சுயநலமாகவும் தோன்றுகிறது.

குடும்பத்தை மையமாக வைத்த கூட்டத்தில் குடும்பமற்றவர் எங்கே உட்காருவார்? குடியால் மணமுறிவு ஆனவர்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கென டான்ஷுகாய்க்குள் தனியர் பிரிவு உருவானது. குடிநோயுள்ள பெண்களுக்கு ‘அமெதிஸ்ட்’ என்ற தனிக் கூட்டம் உண்டு. கணவர்களும் அவர்களின் மனைவியரும் நிறைந்த அறையில், குடித்த தாயாக ஒரு பெண் எழுந்து பெயர் சொல்வதன் பாரம் வேறு. பெயர் சொல்லும் கூட்டத்தின் எல்லை இங்கே தெரிகிறது. ஏ.ஏ. ஜப்பானிய மொழியில் 1975-ல் டோக்கியோவின் காமாட்டாவில் தொடங்கி, டான்ஷுகாய்க்குப் பக்கத்திலேயே வளர முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று கருதலாம்.

கடவுள், மருந்து, அரசு

ஏ.ஏ.-யின் படிகள் தன்னைவிடப் பெரிய சக்தி ஒன்றை ஏற்கச் சொல்கின்றன. அந்தச் சக்தியை அவரவர் புரிந்துகொண்டபடி வைத்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தாலும், கடவுள் என்ற சொல் படிகளில் இருக்கிறது. சில கூட்டங்கள் கிறிஸ்தவப் பிரார்த்தனையோடு முடிவதும் உண்டு. அதனால் 1996-ல் நியூயார்க் மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமும், அதே ஆண்டு ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றமும், சிறைவாசிகளை இத்தகைய கூட்டங்களுக்குக் கட்டாயப்படுத்துவது மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பளித்தன. டான்ஷுகாயில் கடவுள் இல்லை. அந்த இடத்தில் சக உறுப்பினர்களும் உறுதிமொழியும் இருக்கின்றன.

மருந்து விஷயத்தில் ஏ.ஏ. அதிகாரபூர்வமாக ஒதுங்கி நிற்கிறது. உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று அதன் கையேடு எச்சரிக்கிறது. ஆனாலும் மருந்தின் துணையோடு இருப்பது முழுத் தெளிவா என்ற முணுமுணுப்பு சில அறைகளில் கேட்கும். ஜப்பானிலோ சயனமைடு என்ற மருந்துக் கரைசலைக் காலையில் குடும்பத்தார் எதிரிலேயே அருந்துவது பரவலான வழக்கம். அதைக் குடித்தபின் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டும்.

அரசோடு உள்ள உறவில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. வெளி விவகாரங்களில் கருத்துச் சொல்வதில்லை என்பது ஏ.ஏ.-யின் பத்தாம் மரபு. மதுக்கடை நேரம், மது வரி, மது விளம்பரம் எதைப் பற்றியும் அது பேசாது. பெயர் சொல்லிப் பழகிய டான்ஷுகாய்க்குத் தெருவில் நின்று கேட்கவும் முடிந்தது. மதுவால் வரும் உடல்நலக் கேடுகளுக்கு எதிரான அடிப்படைச் சட்டம் ஜப்பானில் 2013 டிசம்பரில் நிறைவேறியதில் அதன் பங்கு பெரிது. பெயரற்ற அமைப்பு எவரையும் பகைத்துக்கொள்வதில்லை, எதையும் கேட்டு வாங்குவதுமில்லை.

பலன் எங்கிருந்து வருகிறது

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2020-ல் வெளியிட்ட ஆய்வு, 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் தொகுத்துப் பார்த்தது. ஏ.ஏ.-யும், ஏ.ஏ.-க்குப் போகும்படி நோயாளியைத் தயார்செய்யும் முறையான சிகிச்சையும், ஓராண்டு முடிவில் தொடர்ந்து குடிக்காதிருப்பதில் மற்றச் சிகிச்சைகளைவிட முன்னே நின்றன: 42 விழுக்காட்டினர், மற்றவற்றில் 35. அந்த ஆய்வாளர்களில் ஒருவரான ஜான் கெல்லி, இந்தப் பலன் எந்த வழியாக வருகிறது என்றும் தனியே ஆராய்ந்திருக்கிறார். ஆன்மிக மாற்றத்துக்கு, குறிப்பாக நோய் முற்றியவர்களிடம், பங்கு உண்டு. பெரிய பங்கோ பழக்கவட்டம் மாறுவதற்கே: குடிக்கும் நண்பர்கள் குறைவது, குடிக்காதவர்கள் கூடுவது, நாலு பேர் குடிக்கும் இடத்தில் மறுக்க முடியும் என்ற துணிவு வருவது.

இந்த முடிவை டான்ஷுகாயின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிகிறது. படிகளும் உறுதிமொழியும், வில்லையும் பத்திரமும், கடவுளும் கைகோத்தலும் இரண்டு ஊர்களின் ஏற்பாடுகள். வாரம் தவறாமல் அந்த நாற்காலியில் போய் உட்காருவதுதான் பொதுவான பகுதி. ஆகவே ஒருவரைத் திரும்பத் திரும்ப வரவைக்கும் கூட்டமே அவருக்கு ஏற்ற கூட்டம். வரவைப்பது எது என்பது, வராமல் தடுக்கும் பயம் எது என்பதைப் பொறுத்தது.

நமக்கு எது

ஏ.ஏ. இந்தியாவுக்கு 1957-ல் வந்தது. தமிழில் பேசும் குழுக்கள் தமிழகத்தில் பல ஊர்களில் இயங்குகின்றன. சென்னையில் அல்-அனானும் உண்டு. டான்ஷுகாய் போன்ற அமைப்பு நம்மிடம் இல்லை. ஆனால் அதன் கருத்துக்கு நெருங்கிய ஒன்றை, குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் நிறுவிய டி.டி. ரங்கநாதன் ஆய்வு அறக்கட்டளை திருவாரூர்ப் பக்கத்து மஞ்சக்குடியில் செய்துகாட்டியது. மருத்துவமனைக்கு அழைக்காமல் ஊருக்கே போய் முகாம் போட்டார்கள். ஊர்ப் பெரியவர்களையும் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். கிராமத்தில் யார் குடிக்கிறார் என்பது பெரும்பாலும் ஊருக்கே தெரியும். அங்கே பெயரை மறைத்துக் காப்பாற்ற எதுவுமில்லை. ஊரே அறிய நிறுத்துவதற்குத்தான் பலம் அதிகம்.

அதே கிராமத்தில் மறைவாகக் குடிக்கும் பள்ளி ஆசிரியைக்கு இந்த யோசனை உதவாது. நகரத்து வங்கி மேலாளருக்கும், குடிப்பது வெளியே தெரிந்தால் திருமணம் நின்றுபோகும் இளைஞருக்கும்கூட உதவாது. அவர்கள் தேட வேண்டியது முதல் பெயர் போதும் என்கிற அறையை, முடிந்தால் தங்கள் பேட்டையிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி. ஏற்கெனவே வீட்டில் எல்லாம் வெடித்து, ஊருக்கெல்லாம் தெரிந்து, மனைவி மட்டும் இன்னும் விட்டுப்போகாமல் இருக்கும் ஒருவர், ஏ.ஏ.-க்குப் போனாலும் திறந்த கூட்டமாகப் பார்த்து மனைவியையும் அழைத்துப்போவது நல்லது. மனைவி தனக்கென்று அல்-அனானுக்கும் போகட்டும். கணவரைச் சுமப்பதே தன் வேலை என்ற ஜப்பானிய மனைவியின் சுமை நம் வீடுகளிலும் உண்டு.

நீண்ட நாள் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம். அது உயிருக்கே ஆபத்து. அவர் முதலில் பார்க்க வேண்டியது மருத்துவரை. கூட்டம் அதன் பிறகு, மருந்தோடு சேர்த்து. இந்த வரிசையில் ஜப்பானியரின் மூன்று தூண்கள் சரியான வழிகாட்டி. கூட்டத்தின் உள்ளே என்ன செய்வது என்பதில், முதல் நாள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும் என்ற ஏ.ஏ.-யின் தாராளம் சரியான வழிகாட்டி. இரண்டையும் கலந்து எடுத்துக்கொள்ள யாரும் தடுக்கவில்லை. டான்ஷுகாய் பிறந்ததே அப்படி ஒரு கலப்பில்தான்.